கோமதி மேடமும் கடல் கடந்த எண்ணெய்க் கணக்கும்

செய்தியை எனக்குச் சொன்னவர் கீரமங்கலம் முருகேசன். காலையில் கடைத்தெருவில் டீயைக் கையில் வாங்கிய நேரம் போன் வந்தது. "சார், மேடம் தவறிட்டாங்களாம். நெசமாங்களா?" என்றார். எந்த மேடம் என்று நான் கேட்கவில்லை. முருகேசனுக்கும் எனக்கும் பொதுவான மேடம் ஒரே ஒருவர்தான். "காலங்காத்தால யாருய்யா ஒனக்கு இதைச் சொன்னது?" என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், "எனக்கும் நம்ப முடியலைங்க சார், அதான் ஒங்களைக் கேட்டேன்" என்றார். டீயை அப்படியே வைத்துவிட்டு விராலிமலைக்குப் போன் போட்டேன். கோமதி மேடத்தின் கணவர் சண்முகம்தான் எடுத்தார். "ஆமாங்க சார். விடியக்காலைல. வாங்க" என்றார்.

எனக்கு அப்போது வந்தது அழுகை இல்லை, கோபம். இதை எழுதும்போதும் கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கிறது. வாரத்தில் சில நாட்கள் அவர் திருச்சிக்குப் போனது மேல்முறையீட்டு விசாரணைகளுக்காக என்று நம் வரி வக்கீல்கள் சங்கத்தில் எல்லோருமே நம்பிக்கொண்டிருந்தோம். போனது டயாலிசிஸுக்கு. சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய் ஓராண்டுக்குமேல் ஆகியிருக்கிறது. எதிர் அறையில் இருந்த எனக்கே தெரியாது. "முகம் வீங்கியிருக்கே மேடம்" என்று ஒருநாள் கேட்டதற்கு, "பல்லு வலி சார், ஒங்களுக்கு என்ன அதுல?" என்றார். நானும் போய் என் வேலையைப் பார்த்தேன்.

புதுக்கோட்டையில் வருமான வரி வழக்கு நடத்துகிற நம்மில் யாரும் அவரிடம் திட்டு வாங்காமல் இருந்திருக்க முடியாது. கீழ ராஜ வீதியில் ஒரே மாடியில் எதிரெதிர் அறைகளில் பல ஆண்டுகள் நாங்கள் தொழில் செய்தோம். விராலிமலையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். படியேறும்போதே என் அறையை எட்டிப் பார்த்து, "என்ன வாய்தா சார், இன்னைக்கு எத்தனை பேருக்கு வாய்தா?" என்பார். நான் எடுத்ததற்கெல்லாம் தவணை கேட்கிற ஆள் என்பது அவர் கட்சி. அதில் உண்மை இல்லாமலும் இல்லை. என் அறை ஏசி தண்ணீர் அவர் வாசலில் சொட்டியதற்காக ஒரு கோடை முழுக்க என்னோடு பேசாமல் இருந்தார். பேசத் தொடங்கியதும் முதல் வார்த்தை, "அந்த ஏசியை இன்னும் மாத்தலையா?" என்பதுதான்.

அவரிடம் வரும் கட்சிக்காரர்களில் பாதிப் பேர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்கள். ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருப்பார். வந்து உட்கார்ந்ததும் அவர் சம்பளத்தைக் கேட்க மாட்டார். "வருசத்துல எத்தனை ராத்திரி நம்ம ஊருல தூங்குறீங்க?" என்று கேட்பார். புதிதாக வருகிறவர்கள் பொம்பளை வக்கீல் இப்படிக் கேட்கிறாரே என்று நெளிவார்கள். ஒருவன் எத்தனை நாள் இந்தியாவில் இருந்தான் என்பதை வைத்துத்தான் அவன் வெளியே சம்பாதித்ததற்கு இங்கே வரி உண்டா இல்லையா என்று சட்டம் முடிவு செய்கிறது என்பதைப் பிறகு விளக்குவார். அந்த நெளிசலைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது என்று நினைக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நம் ஊர்ப் பக்கம் ஒரு காய்ச்சல் கிளம்பியது. வெளிநாட்டுச் சந்தையில் கச்சா எண்ணெய் முன்பேர வணிகம். இன்ன மாதத்துக்கு இன்ன விலையில் இவ்வளவு எண்ணெய் என்று ஒப்பந்தம் போடுவது. விலை ஏறினாலோ இறங்கினாலோ வித்தியாசத்தை மட்டும் வாங்குவது அல்லது கொடுப்பது. யாரும் ஒரு சொட்டு எண்ணெயைக் கண்ணால் பார்ப்பதில்லை. செல்போனிலேயே செய்யலாம். எண்ணெய்க் கிணற்றிலேயே வேலை பார்க்கிற பிள்ளைகள் நம்மிடம் இருக்கும்போது நமக்குத் தெரியாத எண்ணெயா என்று ஒரு மிதப்பு வேறு.

புதுக்கோட்டையில் ஒரு ஹோட்டலில் இதற்குக் கூட்டம் போட்டார்கள். சாப்பாடு உண்டு என்பதால் நானும் போனேன், மேடமும் வந்தார். கோட்டுப் போட்ட பையன் ஒருவன் திரையில் கோடுகளைக் காட்டி ஒரு மணி நேரம் பேசினான். கடைசியில் சந்தேகம் உண்டா என்றான். மேடம் எழுந்தார். "தம்பி, லாபம் வந்தா எந்த நாட்டுல வரி கட்டணும்? நஷ்டம் வந்தா எந்த நாட்டுல போயி அழுவணும்?" என்றார். கூட்டம் சிரித்தது. பையன் தன் மேலதிகாரியைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னான். "இங்க குடியிருக்கிறவங்க இப்படிப் பணத்தை வெளிய அனுப்பி வெளிநாட்டுச் சந்தையில ஒப்பந்தம் போட அந்நியச் செலாவணிச் சட்டத்துல எடமில்லை. அதையாவது சொல்லிட்டுச் சோறு போடுங்க" என்றார் மேடம். அன்றைக்குச் சாம்பார் நன்றாக இருந்தது. யாரும் அவர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இனி முருகேசன் கதையைச் சொல்ல வேண்டும். இந்தப் பெயரும் இவர் அண்ணன் பெயரும் நான் மாற்றி வைத்தவை.

அண்ணன் தங்கராசு வளைகுடாவில் கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் மேடையில் டெக்னீசியன். தம்பி முருகேசன் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு கீரமங்கலத்தில் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அந்த வீட்டில் எதை வாங்கினாலும் மூத்தவர் பேரில்தான் வாங்குவார்கள். தோப்புக்குப் பட்டா அண்ணன் பேரில். தண்ணீர் பாய்ச்சுவது, காய் போடுவது, விற்பது எல்லாம் தம்பி. யாருடையது என்ற கேள்வியே அங்கே வந்ததில்லை.

எண்ணெய்க் கணக்கையும் அப்படியே தொடங்கினார்கள். துபாயில் ஒரு தரகு நிறுவனத்தில் தங்கராசு பேரில் கணக்கு, தங்கராசு சம்பளப் பணம். கடலுக்குள் வேலை நேரத்தில் போன் கிடையாது என்பதால் பாஸ்வேர்டு முருகேசன் கையில். தோப்பில் தண்ணீர் மோட்டார் ஓடும் நேரத்தில் இவர் செல்போனில் வாங்குவார், விற்பார். தகவல் தொடர்பு முகவரி என்று கேட்ட இடத்தில் கீரமங்கலம் வீட்டு முகவரியைக் கொடுத்தார்கள். வேறு எதைக் கொடுப்பார்கள்? அவர்களுக்கு இருப்பது அந்த ஒரு வீடுதான்.

பெருந்தொற்று வந்தது. மார்ச் மாதம் எண்ணெய் விலை சரிந்தபோது, விலை இறங்கும் என்று பந்தயம் கட்டியிருந்த முருகேசனுக்குப் பெரிய லாபம். அதை அப்படியே எடுத்திருந்தால் இன்றைக்கு நான் இதை எழுத வேண்டியிருக்காது. "இதுக்குக் கீழ எங்கிட்டு சார் போகும்னு நெனச்சேன்" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். ஏப்ரலில் அவ்வளவையும் போட்டு வாங்கினார். விலை பூஜ்யத்துக்கும் கீழே போன அந்த ஏப்ரல் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். லாபம், அண்ணன் சேமிப்பு எல்லாம் ஒரே வாரத்தில் துடைத்துக்கொண்டு போயிற்று. ஊரடங்கில் தங்கராசு கடலிலேயே மாட்டிக்கொண்டிருந்தார். அவருக்குத் தகவலே பின்னால்தான் போனது.

அதோடு முடிந்தது என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். ஆனால் நாடுகள் தங்களுக்குள் கணக்கு விவரங்களைப் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று உண்டு. கீரமங்கலம் முகவரியைப் பார்த்துவிட்டு அந்தக் கணக்கின் விவரம் இந்தியாவுக்கு வந்தது. கணக்கை இயக்கியது தம்பியின் செல்போன் என்று தெரிந்ததும், அண்ணன் பேருக்கும் தம்பி பேருக்கும் தனித்தனியாக வருமான வரி நோட்டீஸ் வந்தது. விடுமுறையில் வந்த தங்கராசுவும் முருகேசனும் ஒரே பைக்கில் மேடத்திடம் வந்தார்கள்.

மேடம் முழுக்கதையையும் கேட்டார். பிறகு, "ரெண்டு பேரும் ஒரே வக்கீல்கிட்ட இருக்கக் கூடாது. அண்ணன் எந்திரிச்சு அங்கிட்டுப் போங்க" என்று என் அறையைக் காட்டினார். "நாங்க ஒண்ணாத்தாங்க இருக்கோம்" என்றார் தங்கராசு. "நீங்க ஒண்ணா இருக்கீங்க. சட்டம் ஒங்களை ரெண்டாத்தான் பாக்கும்" என்றார். அப்படித்தான் தங்கராசு என் கட்சிக்காரர் ஆனார்.

இதில் சட்டம் எப்படிக் குறுக்கே நின்றது என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். தங்கராசு வெளிநாட்டில் வாழ்கிறவர். வெளியே சம்பாதித்ததற்கு இங்கே வரி இல்லை. ஆனால் அவருக்காக ஒருவர் இந்தியாவில் உட்கார்ந்து தொடர்ந்து ஒப்பந்தம் போட்டால், அந்த லாபம் இங்கே விளைந்தது என்று வரித்துறை சொல்லலாம். இல்லை, வணிகமே தம்பியுடையது என்றால், தம்பி இங்கேயே குடியிருப்பவர். உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே வரி. போதாக்குறைக்கு வெளிநாட்டுக் கணக்கைச் சொல்லாமல் மறைத்ததற்குத் தனி அபராதம், அந்நியச் செலாவணி விதியை மீறியதற்கு இன்னொன்று. சட்டம் கேட்டது ஒரே கேள்வி: இது யாருடையது? அந்த வீட்டில் யாரும் யாரிடமும் கேட்காத கேள்வி.

சரி, லாபத்துக்கு வரி, நஷ்டத்தைக் கழித்துக்கொள்ளலாமே என்றால் அதற்கும் வழியில்லை. நம் அரசு அங்கீகரிக்காத வெளிநாட்டுச் சந்தையில் போட்டது என்பதால் இது ஊக வணிகம். அதன் நஷ்டத்தைப் பின்வரும் ஆண்டுகளின் ஊக லாபத்தில் மட்டுமே கழிக்கலாம். முந்தைய ஆண்டுக்குக் கொண்டுபோக முடியாது. லாபம் மார்ச்சில், நஷ்டம் ஏப்ரலில். இரண்டும் வேறுவேறு நிதியாண்டு. கையில் இல்லாத பணத்துக்கு வரி கட்டியாக வேண்டும். "மார்ச் முப்பத்தொண்ணுக்கும் ஏப்ரல் ஒண்ணுக்கும் நடுவுல என்ன சார் இருக்கு? ஒரு ராத்திரி. அதுக்குள்ள மனுசன் மாறிடுறானா?" என்று மேடம் என் மேசையைத் தட்டிக் கேட்டார். நான்தான் அந்தச் சட்டத்தை எழுதியது போல.

தங்கராசு பயந்துபோயிருந்தார். இரண்டு பெண் பிள்ளைகள். வேலைக்குத் திரும்ப முடியாமல் போய்விடுமோ என்று வேறு கவலை. கணக்கு தன் பேரில் இருந்தாலும் வணிகம் எதுவும் தனக்குத் தெரியாது என்று சொல்லிவிடலாமா என்று அவரே கேட்டார். ஒவ்வொரு ஒப்பந்தமும் அவருக்குத் தெரியாது என்பது உண்மை. எதுவுமே தெரியாது என்பது உண்மை இல்லை. கட்சிக்காரர் சொன்னதை வாக்குமூலமாக எழுதினேன். அதைத் தாக்கல் செய்தால் தங்கராசு தப்பிப்பார், தோப்பும் தப்பிக்கும். வரியும் அபராதங்களும் மொத்தமாக முருகேசன் தலையில் விழும். எதிர்த்தரப்பு வக்கீல் என்ற மரியாதைக்கு மேடத்திடம் ஒரு நகல் கொடுத்தேன்.

படித்துவிட்டு என் அறைக்கு வந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. "தாராளமாத் தாக்கல் பண்ணுங்க சார், தடுக்க நான் யாரு. ஒண்ணே ஒண்ணு செய்யணும். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி இதைத் தம்பி எதுத்தாப்புல வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்க" என்றார். "இது எந்தச் சட்டத்துல மேடம் இருக்கு?" என்றேன். "எந்தச் சட்டத்துலயும் இல்லை. நம்ம மாடியில இருக்குன்னு வச்சுக்கங்க" என்றார். அவரோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. சரி என்றேன்.

மறுநாள் மத்தியானம் இருவரும் வந்தார்கள். தாளில் என்ன இருக்கிறது என்று தெரிந்தே தம்பி தனியாக பஸ்ஸில் வந்திருந்தார். அந்த வாரம் இருவருக்கும் பேச்சு குறைந்துபோயிருந்தது. முருகேசன் சுவரோரம் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் கதவருகே நின்றார். தங்கராசு தாளைக் கையில் எடுத்து, தன் பெயர், தகப்பனார் பெயர், ஊர் எல்லாம் படித்தார். குரல் நன்றாகத்தான் இருந்தது. தம்பி பெயர் வந்த இடத்தில் நின்றுவிட்டார். மறுபடி தொடங்கினார். மறுபடி அங்கேயே நின்றார். தாளை மடித்து என் மேசையில் வைத்தார். "வேணாம் சார். எங்க ஆத்தா கேட்டா செருப்பால அடிக்கும். கணக்கு என் பேரு, போட்டது இவன், லாபம் ரெண்டு பேருக்கும்னு எழுதுங்க. தோப்பை வித்துக் கட்டிக்கிறோம்" என்றார். முருகேசன் முகத்தைப் பொத்திக்கொண்டார். மேடம் தன் அறைக்குப் போய்விட்டார்.

உண்மையைச் சொன்னதற்குச் சட்டம் ஒன்றும் மாலை போடவில்லை. லாபம் முழுவதுக்கும் வரியும் வட்டியும் போட்டார்கள். தோப்பு போனது. அபராதங்களை எதிர்த்து மேடம் மேல்முறையீடு மேல்முறையீடாக நடந்து, மறைக்கும் எண்ணம் இவர்களுக்கு இல்லை என்று நிறுவி, பெரும்பகுதியை ரத்து செய்ய வைத்தார். என் கட்சிக்காரருக்காகவும் அவர்தான் வாதாடினார் என்று சொன்னால் தப்பில்லை. நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். மார்ச் லாபத்தில் ஏப்ரல் நஷ்டத்தைக் கழிக்க வேண்டும் என்ற வாதத்தில் மட்டும் எல்லா இடத்திலும் தோற்றார். தோற்கும் என்று தெரிந்தே ஒவ்வொரு இடத்திலும் அதைச் சொன்னார். "பதிவுலயாவது இருக்கட்டும் சார்" என்பார். அந்த விசாரணைகளில் எத்தனைக்கு அவர் கையில் ஊசி குத்திய தழும்போடு வந்திருந்தார் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.

அவர் என்னிடம் கடைசியாகப் போனில் பேசியது போன மாதம். உறவு வீட்டுக் காரியத்துக்குக் கீரமங்கலம் போயிருக்கிறார். அங்கே ஒரு தேங்காய் மண்டியில் முருகேசன் கூலிக்கு மூட்டை தூக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தாராம். இவர்கள் தோப்பை வாங்கியவரின் காய். "என்னைப் பாத்ததும் மூட்டையை எறக்கி வச்சிட்டு வந்தாரு சார். வாயைத் தொறந்தாரு, பேச்சு வரலை. கண்ணு ரெண்டும் நெறைஞ்சு போச்சு. நான் என்னத்தைச் சொல்ல? வந்துட்டேன்" என்றார். பிறகு அவரே தொடர்ந்தார். "அண்ணன் தம்பியைப் பிரிக்கக் கூடாதுன்னு நான் ஒரு பிடிவாதம் பிடிச்சேன். ஒருத்தராவது தோப்போட இருந்திருப்பாரு. நாம செஞ்சது சரிதானா சார்?" என்றார். அவர் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. "வேற வழி இல்லை மேடம்" என்று சொன்னேன். அது பதில் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

விராலிமலைக்கு நான் போனபோது வெயில் ஏறிவிட்டது. நம் சங்கத்திலிருந்து நீங்கள் பலரும் வந்திருந்தீர்கள். அந்த வாரம் விடுமுறையில் இருந்த தங்கராசுவும் முருகேசனும் ஒரே பைக்கில் வந்திருந்தார்கள். தங்கராசு சண்முகத்தின் பக்கத்திலேயே நின்று, நாற்காலி போடுவது, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது என்று வீட்டு ஆள் போல ஓடிக்கொண்டிருந்தார். முருகேசன் என்னைப் பந்தலுக்கு வெளியே கூப்பிட்டார்.

"சார், மேடத்துக்கிட்ட ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன்" என்றார். "அன்னைக்கு ஒங்க ரூம்ல அண்ணன் அதை முழுசாப் படிச்சுக் கையெழுத்துப் போட்டிருந்தா, நான் வீட்டுக்குத் திரும்பியிருக்க மாட்டேன். முடிவு பண்ணிட்டுத்தான் பஸ்ஸு ஏறுனேன். அண்ணன் காசை அழிச்சதைக்கூடத் தாங்கிருவேன் சார். அண்ணன் வாயால நான் யாரோன்னு ஆயிட்டா, அப்புறம் எதுக்கு இருக்கணும்? அவரு படிக்காம வச்சாரு பாருங்க, அன்னைக்கு எனக்கு உசிரு திரும்பி வந்துச்சு."

மேடத்துக்கு இது தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாதுங்க சார். மண்டியில பாத்தப்ப சொல்லிரணும்னுதான் மூட்டையை எறக்குனேன். அழுகை முந்திக்கிச்சு. தோப்புக்காக அழுவுறேன்னு நெனச்சிருப்பாங்க."

இதை நான் எழுதலாமா என்று பிறகு அவரிடம் கேட்டேன். "பேரை மட்டும் மாத்திட்டு எழுதுங்க சார். அண்ணனுக்கும் நானே படிச்சுக் காட்டிர்றேன்" என்றார்.

பந்தலுக்குள் போனேன். பெண்கள் கொஞ்சம் விலகி வழிவிட்டார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் முகம் வீக்கமெல்லாம் வடிந்து, யாரோ ஒருவர் போல இருந்தது. குனிந்து நின்றேன். சொல்ல வாயெடுத்தேன். சுற்றி இத்தனை பேர் இருந்தார்கள், வெட்கமாக இருந்தது. வந்துவிட்டேன்.

நண்பர்களே, அவரிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது, வழக்கு முடிந்து கோப்பைக் கட்டி வைத்த பிறகும் அவர் விடாமல் கேட்டாரே, அந்தக் கேள்வியை. நாம செஞ்சது சரிதானா. அதற்குப் பதில் கீரமங்கலம் மண்டியில் தலையில் மூட்டையோடு உயிரோடு நின்றது. நேருக்கு நேர் பார்த்தார். அதுதான் பதில் என்று தெரியாமலே போய்விட்டார்.